பத்தொன்பது புள்ளி ஆறு

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் தொடங்கியது. சிரித்தது நான்தான். வாய்விட்டுச் சிரிக்கவில்லை, உள்ளுக்குள்தான் சிரித்தேன். அதனால் குற்றம் குறைந்துவிடாது.

விழுப்புரத்தில் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு கடை இருக்கிறது. போன், சார்ஜர், லாரிக்காரர்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிற வழிகாட்டிப் பெட்டி எல்லாம் அங்கே கிடைக்கும். என் போனுக்குக் கண்ணாடி மாற்றப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் நின்றிருந்தார். ரயில் ஓட்டுநர்கள் தூக்கிக்கொண்டு போவார்களே, அந்தப் பெரிய பை தோளில் தொங்கியது. உள்ளங்கை அளவு ஜிபிஎஸ் கருவி ஒன்றை மேஜைமேல் வைத்து, கடைக்காரப் பெண் கவிதாவிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

“விழுப்புரத்துலருந்து திண்டிவனம் முப்பத்தேழு கிலோமீட்டர்ம்மா. முப்பது வருஷமா இந்த ரூட்டுல வண்டி ஓட்டிக்கினு இருக்கேன். இது பத்தொன்பது புள்ளி ஆறுன்னு காட்டுது.”

“உங்களுக்காகவே மெட்ராஸ்லருந்து வரவழைச்சது சார். கம்பெனி ஐட்டம்.”

“எம் பொண்ணு பைலட்டுக்குப் படிக்குது. பாதி வழி காட்டுற சாமான குடுத்து அத்த மேல அனுப்பச் சொல்றியா?”

கருவி சரியாகத்தான் காட்டியது. விமானம் ஓட்டுகிறவர்களுக்கென்றே செய்த கருவி அது. நாட்டிக்கல் மைலில்தான் கணக்குச் சொல்லும். ஒரு நாட்டிக்கல் மைல் என்பது இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எனக்கு இது தெரியும், அதனால்தான் சிரிப்பு வந்தது. கருவிகளோடு வருகிற கையேடுகளைத் தமிழில் பெயர்ப்பதுதான் என் பிழைப்பு.*

“சார், அது கிலோமீட்டர் இல்லை” என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் எனக்குள் ஒரு கதை வந்து உட்கார்ந்துவிட்டது. வாயைத் திறந்தால் அது எழுந்து போய்விடும் என்று பயந்தேன். அவர் நல்ல கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லாரிப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

(* கையேடுகளை யாரும் படிப்பதில்லை என்று எனக்கும் தெரியும். நான் படிக்கிறேன். “இக்கருவி உதவிக்கு மட்டுமே; இதை மட்டுமே நம்ப வேண்டாம்” என்ற வாக்கியத்தை இதுவரை நாற்பது தடவையாவது எழுதியிருப்பேன்.)

2

தொடக்கங்கள்.

“மேகங்களுக்கு மேலே மெர்லின் தனியாக...” இது ஆகாது. பயிற்சி விமானம் அவ்வளவு உயரம் போவதில்லை, மாணவர்கள் மேகத்துக்குள் போனால் திட்டு விழும்.

“தண்டவாளத்தின் மகளுக்குச் சிறகு முளைத்த...” சீ.

“அமலதாஸ் வாழ்நாளில் ஒருமுறைகூட வழி தவறியதில்லை.” இது தேவலை. இதை வைத்துக்கொள்கிறேன்.

(கடையில் பார்த்தவரின் பெயர் எனக்குத் தெரியாது. சாவிக்கொத்தில் சின்னதாக ஒரு மாதா படம் தொங்கியது. அதை வைத்து அமலதாஸ் என்று பெயரிட்டேன். மனைவி சூசை மேரி, மகள் மெர்லின், வீடு திண்டிவனம். இதெல்லாம் என் கைவரிசை.)

அமலதாஸ் வழி தவறாததற்குக் காரணம் உண்டு. ரயில் ஓட்டுகிறவர் ஒரு பாதையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால், வேறு ஓட்டுநர்களோடு அதே பாதையில் பகலிலும் இரவிலும் பலமுறை போய்வர வேண்டும். எந்த சிக்னல் எங்கே நிற்கிறது, ஏற்றம் எங்கே, வளைவு எங்கே என்று மனப்பாடம் ஆனபிறகு, ‘இந்தப் பாதை எனக்குத் தெரியும்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். அமலதாஸ் அப்படிக் கையெழுத்துப் போட்டவர். பேரணி ஸ்டேஷன் எத்தனையாவது கிலோமீட்டரில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

மெர்லின் அப்படியில்லை. அவள் தவறிவிட்டாள். பயிற்சி ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர்விட்டு ஊர் பறந்தபோது, பன்னிரண்டு நிமிடம் தான் எங்கே இருக்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஆசிரியர்தான் திருப்பிக் கொண்டுவந்தார். அடுத்த திங்கட்கிழமை இதே பயணத்தை அவள் தனியாகப் போய்வர வேண்டும். நான்கு நாள் விடுப்பில் திண்டிவனத்துக்கு வந்தவள், பையை இறக்கி வைத்ததும் சொன்னாள்: “நான் திரும்பிப் போவலப்பா. எனக்கு இது வராது.”

அமலதாஸ் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மகளுக்காகத் தன்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது. வழி தெரியாத பிள்ளைக்கு வழி காட்டுகிற சாமான் ஒன்றை வாங்கிவிட வேண்டும்.

3

அவர் தேர்ந்தெடுத்த விதத்தையும் எழுத வேண்டும், அதுதானே கதை. வெயிலில் திரை தெரிய வேண்டும். போன் டவர் இல்லாத இடத்திலும் வேலை செய்ய வேண்டும். தொடையில் கட்டிக்கொள்ளும் அளவில் இருக்க வேண்டும். இதெல்லாம் கவிதா கம்ப்யூட்டரைப் பார்த்துப் படித்துக் காட்டியது. அமலதாஸ் தன் பங்குக்கு ஒரு சோதனை வைத்தார். கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு பயணியாக விழுப்புரத்தில் ஏறினார். பிளாட்பாரத்திலேயே பொத்தானை அழுத்தி அந்த இடத்தைப் பதிவு செய்தார். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒவ்வொன்றாக வந்து போயின. திண்டிவனத்தில் இறங்கி, கிளம்பின இடம் எவ்வளவு தூரம் என்று கேட்டார். பத்தொன்பது புள்ளி ஆறு என்றது. பாதையைப் படிக்காமலே கையெழுத்துப் போட்ட ஆளைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். மகள் இரண்டு வருடமாக விமானம் படிக்கிறாள். இந்த மைல் சங்கதி தகப்பன் காதில் ஒருமுறைகூட விழுந்திருக்காதா? விழுந்திருக்கும். ஆனால் முப்பத்தேழு என்பதை முப்பது வருடமாகத் தெரிந்து வைத்திருக்கிற மனிதருக்கு, முப்பத்தேழு எதில் என்று கேட்கத் தோன்றாது. எனக்கும்கூட என் வீட்டு விஷயங்களில் அப்படித்தான்.

(கைவிட்ட பகுதி: மரக்காணத்திலிருந்து சக்கரபாணி என்ற மீனவரைக் கடைக்குள் கொண்டுவந்தேன். படகுக்கு ஜிபிஎஸ் வைத்திருப்பவர், அவருக்கு நாட்டிக்கல் மைல் அத்துபடி. “அண்ணே, அது கடல் கணக்கு” என்று சொல்லவும் வைத்தேன். எழுதி முடித்துப் படித்தபோதுதான் புரிந்தது. நான் அங்கே சொல்லாமல் விட்டதைச் சொல்ல ஒரு ஆளைத் தயார் செய்திருக்கிறேன். சக்கரபாணியை மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். அவருக்கு வேலை கிடக்கிறது.)

4

வீடு. மத்தியானம். சூசை மேரி வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, தட்டில் கொட்டி வைத்திருந்தார். மெர்லின் கட்டிலில் படுத்திருந்தாள். அமலதாஸ் லாரிப் பெட்டியை அவள் கையில் வைத்தார்.

அவள் சுவிட்சைப் போட்டாள். “இருநூறு மீட்டரில் திரும்பிச் செல்லவும்” என்றது ஒரு பெண்குரல்.

“ப்பா, இது லாரிக்குப்பா. மேல போய்க்கினு இருக்கசொல்ல பெட்ரோல் பங்க் எங்க இருக்குன்னு சொல்லும்.”

“அது தெரிஞ்சா நல்லதுதான?” என்றார் சூசை மேரி.

மெர்லின் சிரித்தாள். ஊருக்கு வந்தபிறகு அன்றுதான் சிரித்தாள். அமலதாஸுக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு தப்பான சாமான் வாங்கலாம் என்றும் இருந்தது.

“மொதல்ல பைலட்டு சாமான்தான் பாப்பா வாங்கினேன். அது டூப்ளிகேட்டு. திண்டிவனம் பத்தொன்பது புள்ளி ஆறாம். ஒரே பேஜாரு. திருப்பிக் குடுத்துட்டேன்.”

மெர்லின் சிரிப்பை நிறுத்தி மின்விசிறியைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது.

“அது நாட்டிக்கல்ப்பா. முப்பத்தேழு கிலோமீட்டர்னா இருபது மைல் வரணும். அது நேர்கோட்டுல அளந்திருக்கு, அதான் பத்தொன்பது புள்ளி ஆறு. உன் ரயிலு நடுவுல எங்கியோ வளைஞ்சு போவுது. முக்கா கிலோமீட்டர் கிட்ட அதுலயே போயிடுது. சரியா?”

அமலதாஸ் மனதுக்குள் பாதையை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். வளைவுகள் அத்தனையும் அவருக்குத் தெரியும். அவற்றுக்குள் முக்கால் கிலோமீட்டர் இருக்கிறது என்பதை முப்பது வருடத்தில் ஒருநாளும் நினைத்ததில்லை. இவள் கட்டிலில் படுத்தபடியே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

“காயிதம் இல்லாம எப்டிம்மா போட்ட?”

“தெனம் போடறதுதானப்பா. காத்து எந்தப் பக்கம் தள்ளுது, எத்தினி நிமிஷத்துல எங்க இருக்கணும்னு மேலயே போட்டுக்கினு இருக்கணும்.”

“அப்ப அன்னிக்கு என்னா ஆச்சு?”

யாரும் அவளை இப்படிக் கேட்டிருக்கவில்லை. ஏன் தொலைந்தாய் என்றுதான் கேட்டிருந்தார்கள். அவள் எழுந்து பையிலிருந்து வரைபடத்தை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். ஒன்றும் தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோல முதலிலிருந்து சொன்னாள். தகப்பனுக்கு உண்மையாகவே ஒன்றும் தெரியவில்லை. பத்து இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். பன்னிரண்டு நிமிடம் தொடங்குகிற இடத்தில் அவள் விரல் நின்றது.

“இங்க ஒரு ஏரி வரணும். கீழ ஒரு ஏரி இருந்துச்சு. மழ முடிஞ்ச நேரம், எல்லா ஏரியும் ஒரே மாதிரி ரொம்பிக் கெடக்கு. மணி பாத்தேன். நாலு நிமிஷம் முன்னாடியே வந்துடுச்சு. அது வேற ஏரின்னு கணக்கு சொல்லிச்சுப்பா. நான் கணக்க வுட்டுட்டு ஏரிய நம்பிட்டேன்.”

சொல்லி முடித்துவிட்டு வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு எங்கே நடந்தது என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அது அவ்வளவு பெரிய தப்பாகவும் தெரியவில்லை.

“எனக்கு வழி தப்பாது, தப்பாதுன்னு பெரிசா பேசிக்கினு திரிஞ்சேன்” என்றார் அமலதாஸ். “எனக்கு ஸ்டீரிங்கே கெடையாதே பாப்பா. தண்டவாளம் இட்டுக்கினு போவுது. ஒன் வேலை வேற வேலை.”

“அந்த சாமான இன்னும் வச்சிருப்பாங்களாப்பா?”

5

இந்தக் காட்சி எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்பிக்கை இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன், என் கதையில் ஒரு பெண் வாயைத் திறந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டாள். எனக்கு வசதியான பெண். நிஜத்தில் ஒரு மாணவி லாரிப் பெட்டியோடு எங்கேயோ உட்கார்ந்திருக்கலாம், அல்லது படிப்பை விட்டிருக்கலாம். 

வியாழக்கிழமை மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். என் போன் கண்ணாடி நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் இன்னொன்று மாற்றச் சொன்னேன்.

“அந்த ரயில்வே சாரா?” என்றாள் கவிதா. “மக்யா நாளே வந்துட்டாரு சார், பொண்ணயும் இட்டுக்கினு. அந்தப் பொண்ணு மெஷினப் பாத்துட்டு உள்ள என்னாத்தையோ மாத்துச்சு, திண்டிவனம் கிலோமீட்டர் கணக்குல முப்பத்தாறு சொச்சம்னு வந்துச்சு. ‘இப்ப ஒனக்கும் புரியும்ப்பா’ன்னுச்சு. அவரு வுடல. ‘ஒன் கணக்குலயே வையி, நான் கத்துக்கறேன்’னு சொல்லித் திருப்பி மாத்த வச்சிட்டாரு. கடையில அரை மணி நேரம் அதே சண்டை.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே கொஞ்சம் பொறாமையும். அவர்களுக்கு நானும் தேவைப்படவில்லை, என் மெர்லினும் தேவைப்படவில்லை.

“அந்தப் பொண்ணு ஏதாவது கேட்டுச்சா?”

“பேட்டரி எத்தினி மணி நேரம் நிக்கும்னு கேட்டுச்சு. எட்டு மணி நேரம்னேன். ‘எனக்கு மூணு போதும்’னுச்சு.”

மூன்று மணி நேரம். ஊர்விட்டு ஊர் போய்த் திரும்பிவர ஆகிற நேரம். போவதா வேண்டாமா என்று யோசிக்கிறவள் பேட்டரியைப் பற்றிக் கேட்பாளா?

6

இனி முடிவு. மூன்று எழுதினேன். ஒன்றில் மெர்லின் போய்த் திரும்பிவருகிறாள். இன்னொன்றில் காற்று சரியில்லை என்று பாதியிலேயே தானாக முடிவெடுத்துத் திரும்பிவிடுகிறாள், ஆசிரியர் அதற்காகவே பாராட்டுகிறார். மூன்றாவதில் புறப்படுகிற நிமிடத்தில்... வேண்டாம், அதைக் கிழித்துவிட்டேன். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது.

ஒன்று மட்டும் எழுதித் தருகிறேன். திங்கட்கிழமை காலை. அமலதாஸுக்கு டூட்டி. சென்னைப் பக்கத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் சரக்கு வண்டி. எஞ்சினில் இருக்கும்போது போனை அணைத்துப் பையில் வைத்துவிட வேண்டும் என்பது விதி. அவர் அணைத்துவிட்டார். ஒலக்கூரைத் தாண்டும்போது மணி பத்து. இந்நேரம் மெர்லின் மேலே ஏறியிருப்பாள். அவளுக்கு வலப்பக்கத்தில் ஆசிரியர் உட்காரும் இருக்கை காலி.

சிக்னல் வந்ததும் அமலதாஸ் சத்தமாகச் சொன்னார், “பச்சை.” உதவி ஓட்டுநர் ஜெகதீசனும் அதையே திருப்பிச் சொன்னார், “பச்சை.” அதுவும் விதிதான். நடுநடுவே அமலதாஸ் வேகத்தை மைலாக மாற்றிப் பார்த்துக்கொண்டார், ஒருமுறை தப்பாக வந்தது, மறுபடி போட்டார். பயமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. தண்டவாளம் இல்லாத இடத்தில் தன் பிள்ளை போய்க்கொண்டிருக்கிறது என்று ஜெகதீசனிடம் சொல்ல நினைத்தார், அதற்குள் அடுத்த சிக்னல் வந்துவிட்டது.

வழியெல்லாம் எக்ஸ்பிரஸ்களுக்கு ஒதுங்கி நின்று நின்று, மதியம் ஒன்றரைக்கு வண்டி விழுப்புரம் வந்து சேர்ந்தது. அவர் இறங்கினார், முகத்தைக் கழுவிக்கொண்டார், பையிலிருந்து போனை எடுத்தார். அதை இன்னும் உயிர்ப்பிக்கவில்லை.

இங்கே நிறுத்துகிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் நின்றவன் நான், இந்தச் செய்தியை அந்த மனிதருக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போன் இப்போது உங்கள் கையில். சீக்கிரம் போடுங்கள், அவர் ஈரக் கையோடு நிற்கிறார்.