நாற்பது பக்கமும் ஓர் அடியும்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பியர் கோப்பைமீது வலது கையை வைத்துச் செய்யும் சத்தியம் இது.

ஜெர்மனியின் தூரிங்கியாவில் ஒரு சின்ன ஊர். அதன் இசைக்குழுவில் இருபத்தெட்டு வருடமாகத் தாளத்தட்டு, அதாவது இரண்டு பெரிய பித்தளைத் தட்டுகளை மோதி, அடிப்பவன் குண்டோல்ஃப். ஹாகன்போயர் என்ற இசையமைப்பாளரின் பெயரைக் கேட்டாலே அவனுக்குக் குமட்டும். மனிதர் செத்து நூறு வருடமாகிறது. உலகம் ஒழுங்காக மறந்துவிட்டது. அவர் பிறந்து தொலைத்த ஊர் என்பதால் இவர்கள் மட்டும் வருடத்துக்கு ஒருமுறை தோண்டி எடுத்தாக வேண்டும். இந்த வருடம் எழுபது நிமிடச் சிம்பொனி. மலையில் சூரியன் உதிக்கிறதாம். எட்டுக் கொம்பு வாத்தியங்கள் முக்கி முக்கித் தள்ளியும் அது இருபது நிமிடம் மேலே வந்தபாடில்லை. முதல் ஒத்திகை முடிவதற்குள் வயோலாக்காரர் ஒருவருக்குத் தாடி ஒரு விரற்கடை வளர்ந்துவிட்டது.

ஒத்திகையில் தாளத்தட்டுக்காரன் கேன்டீனில் உட்காருவதுதான் வழக்கம். அவனுடைய தாளில் சும்மா இருக்கவேண்டிய தாளக்கட்டங்களின் எண்ணிக்கையும், அதற்குப் பின் ஓர் அடியும் மட்டுமே உண்டு. அதைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் குண்டோல்ஃப் இசை நடத்துநர் டாக்டர் ட்ரெப்டோவிடம் போனான்.

“டாக்டர், நடுவுல நாப்பது பக்கத்த வெட்டிடுங்க. செத்தவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.”

டாக்டர் ட்ரெப்டோ மகிழ்ந்துபோனார். வெட்டினால் பன்னிரண்டு பத்து ரயிலைப் பிடிக்கலாம். எல்லோரும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டார்கள்.

அன்று உருளைக்கிழங்கு சூப்பை ஊற்றிக்கொண்டே அவன் மனைவி ரோஸ்வித்தா சொன்னாள்: “ஞாயித்துக்கிழம நானும் வரேன். இத்தன வருஷமா அங்க என்னதான் பண்றீங்கன்னு ஒருதடவ பாத்துட்றேன்.”

அவள் ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை.

கடைசி ஒத்திகையில் முரசுக்காரன் லுட்ஸ் சிரித்தான். “யோவ், உன்னோட ஒரே அடி எங்க இருக்கு தெரியுமா? வெட்டின பக்கத்துல. நீயே கேட்டு வாங்கிக்கிட்ட.”

குண்டோல்ஃப் மறுபடி டாக்டரிடம் ஓடினான்.

“அத்தனையும் குப்பைன்னு நீதானய்யா சொன்ன?”

“குப்பைதான். ஆனா அதுல ஒண்ணு என்னோடது.”

“ரயில் எனக்காக நிக்காது.”

ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கச்சேரி. மூன்றாம் வரிசையில் பச்சை உடையில் ரோஸ்வித்தா, மடியில் கைப்பை. கொம்புகளை, வயலின்களை அவள் பார்க்கவே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்த இவனையே பார்த்தாள். வெட்டிய இடமும் தாண்டிவிட்டது. எல்லா வாத்தியமும் அடங்கி ஒற்றைப் புல்லாங்குழல் ஈனமாக முனகிக்கொண்டிருந்தபோது குண்டோல்ஃப் எழுந்தான். அடித்தான்.

சரவிளக்கு ஆடியது. ஓய்வூதியக்காரர்கள் முப்பது பேர் விழித்தார்கள். முடிந்துவிட்டதென்று நினைத்து மொத்தச் சபையும் எழுந்து கைதட்டியது. ஹாகன்போயர் சங்கத்தின் தலைவர் தேம்பித் தேம்பி அழுதார். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், குனிந்து வணங்கினார், ஓடினார். மிச்சப் பன்னிரண்டு நிமிடத்தை யாரும் வாசிக்கவில்லை, கேட்கவுமில்லை.

கோட்டு மாட்டும் இடத்தில் ரோஸ்வித்தா நின்றிருந்தாள்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“இருபத்தெட்டு வருஷமா?”

“சில நாள் ரெண்டு தடவ.”

அவள் அவன் கைகளை மலர்த்தி, தட்டின் தோல்வார் பதிந்த சிவந்த தடத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

சத்தியம் சத்தியம்தான்; ஆனால் ஊர்ப் பதிவேட்டின்படி குண்டோல்ஃப் திருமணமே ஆகாதவன்.