தலைக்கவசத்தோடு ஓடிய ஐந்தாவது ஆள்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் ஈரப் பஞ்சில் பிறந்தது.

ஜெர்மனியின் பவேரியாவில் எங்கள் ஊர்க் கால்வாய்க்கரையில் ஜூலை மாதம் முப்போட்டி நடக்கும். முதலில் நீச்சல், அடுத்து சைக்கிள், அதெல்லாம் போதாதென்று கடைசியில் ஒரு முழு மாரத்தான். ஓடுகிறவர்கள் தலையைக் குளிர்வித்துக்கொள்ள நுரைப்பஞ்சு நனைத்து நீட்டுவது என் பொறுப்பு. சென்ற ஆண்டு ஒருவர் சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஓடி வந்தார். தலையில் வைக்க வேண்டிய பஞ்சை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் கையில் திணித்தேன். ஏன் என்று கேட்பதற்குள் போய்விட்டார்.

கேட்கத் தவறியதை எழுதிப் பார்க்கிறேன். நகராட்சிக்குக் குப்பைத்தொட்டி பற்றிக் கடிதம் எழுதிப் பழகியவன். எண் போடாமல் எனக்கு எழுத வராது.

2.
முதல் வரி: 'விடியலின் பொன்னொளியில் கால்வாய் தியானத்தில் ஆழ்ந்திருந்த...'

[வேண்டாம். அந்நேரம் அங்கே தியானம் கிடையாது. ரப்பர் நீச்சலுடைக்குள் இடுப்பு நுழையாமல் ஒரு கூட்டம் குதித்துக்கொண்டிருக்கும். அதைவிடப் பெரிய கூட்டம் கழிப்பறை வரிசையில் நிற்கும்.]

மறு முயற்சி: 'வலி என்பது ஒரு...'

[எனக்கு முழங்கால் வலிதான் தெரியும். இதுவும் வேண்டாம்.]

3.
நாயகன் பெயர் வென்சல். நாற்பதை நெருங்கிவிட்டவன். முப்போட்டிதான் அவனுக்குத் தொழில். வீட்டிலும் போட்டி ஒழுங்குதான்: குளித்துவிட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வரும் வழியிலேயே சட்டை மாட்டி முடித்திருப்பான். அவன் ஷூக்கள் கதவருகே எந்நேரமும் வாய் பிளந்து காத்திருக்கும். உடை மாற்றும் கூடாரத்தில் அவன் வேகத்துக்கு ஈடில்லை. [இவ்வளவு கெட்டிக்காரனா தலைக்கவசத்தை மறப்பான் என்று எனக்கே சந்தேகம். பார்ப்போம்.]

அவனை ஆதரிக்கும் சைக்கிள் நிறுவனம் சொல்லிவிட்டது: முதல் ஐந்து பேரில் வந்தால் இன்னோர் ஆண்டு ஒப்பந்தம், இல்லாவிட்டால் கும்பிடு. போட்டிக்கு முதல் நாள் சாப்பாட்டு மேசையில் மாமனார் எக்பர்ட் பேச்சை ஆரம்பித்தார். ஊரில் சாசேஜ் என்கிற தொத்திறைச்சிக் கடை வைத்திருப்பவர்.

"ஆறாவதா வந்தா கவலையே படாதீங்க மாப்பிள்ள. திங்கக்கிழமை கடைக்கு வந்துருங்க."

"மாமா, நான் இன்னும் தோக்கவே இல்லையே!"

"தோல்வின்னு யாரு சொன்னா? வேலைன்னு சொன்னேன்."

"அப்பா, அவரைச் சாப்பிட விடுங்க," என்றாள் மனைவி சில்கே. "நாளைக்குப் பூரா சோறு தண்ணி இல்லாம அந்த இனிப்புச் சத்துப் பசையத்தான் உறிஞ்சப் போறாரு."

4.
(இந்த இடத்தில் ஒரு சூரிய உதயம் இருந்தது. எடுத்துவிட்டேன்.)

5.
போட்டியன்று வென்சல் சைக்கிளிலிருந்து ஐந்தாவதாக இறங்கினான். கூடாரத்துக்குள் ஓடினான். அப்போது அவன் மனத்தில் என்ன ஓடியது? விளையாட்டு வீரனுக்கு ஏற்ற ஆழமான சிந்தனை ஒன்றைக் கொடுக்கப் பார்த்தேன். 'எல்லை என்பது மனத்தின்...' என்று தொடங்கியதும் எனக்கே கொட்டாவி வந்தது.

அவன் நினைத்தது கடுகு விழுதை. மணிக்கணக்காக இனிப்புப் பசையை உறிஞ்சிய நாக்கு அதைத்தான் கேட்டது. சூடான தொத்திறைச்சி, பக்கத்தில் காரசாரமாகக் கடுகு விழுது. மாமா கடையில் கிடைக்குமே, அதே. அந்த நினைப்பிலேயே ஷூவை மாட்டினான், எண் பட்டையை இடுப்பில் கட்டினான், வெளியே பாய்ந்தான்.

6.
முதல் திருப்பத்தில் சில்கே நின்றாள்.

"என்னங்க! தலையில என்னங்க அது?"

தொட்டுப் பார்த்தான். சைக்கிள் தலைக்கவசம், பின்பக்கம் வாத்து வால்போல நீட்டிக்கொண்டிருந்தது. "ஐயையோ!"

"இங்க தூக்கிப் போடுங்க, பிடிச்சுக்கறேன்!"

"போட்டா ஆட்டத்தை விட்டே தூக்கிடுவாங்க! சாமானைப் பாதையில எறியவும் கூடாது, ஆளுங்க கையில குடுக்கவும் கூடாது!"

"அப்ப திரும்பிப் போய் வெச்சுட்டு வாங்க!"

"அதுக்குள்ள ஆறாவது ஆள் அஞ்சாவது ஆயிடுவான்!"

மடக்கு நாற்காலியில் பீர்க் குவளையோடு உட்கார்ந்திருந்த எக்பர்ட் கைதட்டினார். "பேசாம போட்டுட்டே ஓடுங்க மாப்பிள்ள! நம்ம கடையிலயும் தொப்பி கட்டாயம். இப்பவே பழகிக்கலாம்!"

ஓடினான். உச்சி வெயிலில் கவசத்துக்குள் மண்டை வெந்தது. என் பஞ்சு மேசைக்கு வந்தபோது அதைக் கழற்றிக் கையில் கூடைபோலப் பிடித்திருந்தான். உள்ளே முந்தைய மேசைகளில் வாங்கிய இரண்டு வாழைப்பழம், நிறைய ஐஸ்.

"அண்ணே, பஞ்சை இதுல போடுங்க!"

"எத்தனை?"

"கஞ்சத்தனம் பண்ணாதீங்கண்ணே!"

பின்னாலேயே ஆறாவது ஆள் வந்தான், டென்மார்க்கின் ட்ரூல்ஸ். பசியில் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா, ஒரு பழம் கிடைக்குமா?"

"ஏன்டா, என்னை முந்துறதுக்கா?"

"ஆமா."

வென்சல் ஒரு நொடி யோசித்துவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தான். [ஏன் கொடுத்தான்? போட்டியாளர்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்ளத் தடையில்லை. விதியைப் பொறுத்தவரை சரி. என் கேள்வி விதியைப் பற்றியதல்ல. இரண்டு முறை அடித்தும் இந்த வரி போக மறுக்கிறது.]

7.
முடிவு அ: ஐந்தாவதாக வருகிறான். இன்னோர் ஆண்டு உண்டு. குளிர்காலத்து இருட்டில் நீச்சல்குளம், இன்னும் பல வாளி பசை. எழுதினேன். கடைசி வரியில் சில்கேயைச் சிரிக்க வைக்க முயன்றேன். சிரித்தாள், ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

முடிவு ஆ: ஆறாவதாக வருகிறான். திங்கட்கிழமை கடைத் தொப்பியோடு நிற்கிறான். எக்பர்ட் மகிழ்ச்சியில் ஆடுகிறார். வென்சலின் முகத்தை எழுத உட்கார்ந்தேன். ஒரு பத்தி முழுக்கத் தொத்திறைச்சியைத்தான் எழுதியிருந்தேன்.

முடிவு இ: வாழைப்பழத்துக்கு நன்றியாக ட்ரூல்ஸ் ஒதுங்கி வழி விடு... [இல்லை. அவன் பிழைப்பும் இதுதானே.]

8.
ஆகவே உங்களைக் கூப்பிடுகிறேன். கடைசித் திருப்பம். கயிற்றுக்கு இந்தப் பக்கம், எனக்கு அடுத்தாற்போல் நில்லுங்கள்.

அதோ வருகிறான். இன்னும் ஐந்தாவதுதான். நான்கே எட்டு வைக்கும் தூரத்தில் பின்னால் ட்ரூல்ஸ். எக்பர்ட் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சில்கே வாயைப் பொத்திக்கொண்டாள். வென்சல் பாதையின் ஓரமாக, நேராக நம்மை நோக்கி வருகிறான். கவசத்தில் பஞ்சும் ஐஸும் தீர்ந்துவிட்டன. அதைக் கையில் நீட்டுகிறான்.

"பிடிங்க!"

வாங்கினால் அவன் ஆட்டத்தை விட்டு வெளியே. அந்த விதி உங்களுக்கு இப்போது தெரியும். அவனுக்கு எப்போதுமே தெரியும். தெரிந்தும் நீட்டுகிறான், முகத்தில் சிரிப்பா, வெறும் களைப்பா என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை.

என் இரு கைகளிலும் ஈரப் பஞ்சு. உங்கள் கைகள் காலியாகத்தானே இருக்கின்றன?