சவுரிராயன் மிதித்த அடிவானம்

1

புதுச்சேரியில் ஒரு பழைய சாமான் கடையில், காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த விமானக் கருவி ஒன்றை வாங்கினேன். கண்ணாடிக்குள் ஒரு குட்டி விமானம், அதன் பின்னால் அடிவானமாக ஒரு வெள்ளைக் கோடு. மேகத்துக்குள் தரை தெரியாதபோது எது மட்டம் என்று விமானிக்குக் காட்டும் கருவியாம். ஓடவைக்க முயன்று இரண்டு திருகாணிகளைத் தொலைத்ததுதான் மிச்சம். என்னால் முடியாததைச் செய்ய ஓர் ஆளை உண்டாக்கினேன். கதை எழுதுகிறவனுக்கு உள்ள ஒரே சலுகை அது.

2

"1946. போர் ஓய்ந்த களைப்பில் திண்டிவனத்து வானம்..."

(வானத்துக்கு என்ன களைப்பு? அடித்துவிட்டேன்.)

சவுரிராயன் திண்டிவனத்தில் ஒரு மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர். போர் முடிந்து விமானத்தளங்களைக் காலி செய்தபோது, விழுப்புரத்தில் பழைய இரும்பு வியாபாரம் செய்த கிருஷ்ணசாமியிடம் இந்தக் கருவிகள் கூடைகூடையாக வந்தன. சவுரிராயன் ரயிலேறிப் போய் வாங்கி வருவார். பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, மறுபடி பூட்டுவார். எதற்கு என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. (என்னிடமும் இல்லை. அதனால் கதையில் யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்கிறேன்.)

குடியிருப்பது கோயில் வீட்டில். அது இரும்புக்கடை ஆகிவிட்டதைப் பார்த்த பங்குச் சாமியார் பெரியநாயகம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இதில் ஒரு துண்டு கோயிலுக்குள் வந்தாலும் வேலையும் கிடையாது, வீடும் கிடையாது.

3

கருவிக்குள் ஒரு சக்கரம். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சினால் அது சுழலும். சுழன்றால்தான் கோடு மட்டமாக நிற்கும். சவுரிராயன் வாயால் உறிஞ்சிப் பார்த்துத் தலைசுற்றி உட்கார்ந்தார். சைக்கிள் பம்பு காற்றை உள்ளே இழுக்கும்படி அதன் வாஷரைத் திருப்பிப் போட்டார். சக்கரம் கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது. விடாமல் காற்றை உறிஞ்சுகிற பொருள் அவருக்குத் தெரிந்து ஒன்றுதான். கோயிலின் கால்மிதி ஆர்மோனியம்.

(அந்த உறிஞ்சல் போதாது என்றார் என் இன்ஜினியர் நண்பர். போதாவிட்டால் வேகமாக மிதிக்கட்டும் என்று எழுதிவிட்டேன். வினை அங்கேதான் தொடங்கியது.)

4

அவர் மனைவி இருதயமேரியை முதலில் முகம் சுளிக்கிறவளாக எழுதினேன். மூன்று வரிக்கு மேல் அவள் ஒத்துழைக்கவில்லை.

சாமியார் வானூரில் ஒரு நோயாளியைப் பார்க்கச் சைக்கிளில் போயிருந்த பிற்பகல். அவள் கோயில் வாசலில் காவல் நின்றாள். சவுரிராயன் ஆர்மோனியத்தில் சுரம் எழுப்பும் பித்தளை நாக்கு ஒன்றைக் கழற்றி, அந்த ஓட்டையில் ரப்பர் குழாயைச் செருகி மிதித்தார். கருவி முனகியது. ஆனால் அந்த வேகத்தில் மிதித்துக்கொண்டு அவரால் அதைப் பார்க்க முடியவில்லை. மனைவியை மிதிக்கக் கூப்பிட்டார்.

"காலையிலருந்து நின்னுக்கினே இருக்கேன். நீங்க மிதிங்க, நான் பாக்கறேன்."

குழாயோடு கருவியைக் கையில் எடுத்து இடப்பக்கம் சாய்த்தாள். வலப்பக்கம் சாய்த்தாள்.

"பொட்டி சாயுதுங்க. கோடு சாயல."

அப்போது அவள் முகத்தில்

(இந்த வாக்கியம் எனக்கு வரவில்லை.)

5

டயர் பஞ்சராகிப் பாதி வழியில் திரும்பிய சாமியார் உள்ளே வந்து நின்றார். பயத்தில் சவுரிராயனின் கால்கள் நிற்க மறந்தன. இருதயமேரி கருவியைச் சாமியாரிடம் நீட்டினாள்.

"திட்டறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி பாத்துடுங்க சாமி."

அவர் வாங்கினார். சாய்த்தார். மறுபடி சாய்த்தார். மிதி தளர, கோடு தொய்ந்தது.

"இன்னும் கொஞ்சம் மிதி, சவுரி," என்றார், கண்ணை எடுக்காமல்.

சவுரிராயன் உயிரைக் கொடுத்து மிதித்தார். துருத்தியின் தோல் நீளமாகக் கிழிந்தது. மூவரும் பார்த்துக்கொண்டிருக்க, கோடு மெல்லச் சரிந்து படுத்தது.

6

ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியம் இல்லாமலே பாடினார்கள், ஆளுக்கொரு சுதியில். பாட்டு முடிந்ததும் துருத்தி கிழிந்த காரணத்தைச் சொல்லச் சாமியார் சபையின் பக்கம் திரும்பினார்.

சவுரிராயனை வீட்டை விட்டு அனுப்பும் முடிவு ஒன்று எழுதினேன். எனக்கே கண் கலங்கியது; உடனே அதை நம்பாமல் கிழித்தேன். "என்னாலதான்" என்று சாமியார் ஒப்புக்கொள்ளும் முடிவும் உண்டு. நல்ல சாமியாரை எழுதுவது சுலபம் என்பதால் அதன்மேலும் சந்தேகம். இதற்கிடையில் பெண்கள் பக்கத்திலிருந்து இருதயமேரி எழுந்து நிற்கிறாள். என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்டேன். என்னிடம் சொல்ல மாட்டாளாம்.

சவுரிராயன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கோயிலே காத்திருக்கிறது. மூவரில் யார் முதலில் பேசுவது என்று நீங்கள் சொல்லுங்கள். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.