சிரித்த படம்

புகைப்படத்துக்காக, பிள்ளைகள் இல்லத்தில் வேலை செய்யும் ஐரீன், சொமீராவைப் பார்த்துப் பார்த்துச் சோடித்தாள். பேன் பிடித்திருந்த நீண்ட முடியைக் காதோடு வெட்டினாள். லிட்டில் இந்தியா கடைத்தெருவில் புதுக் கவுன் வாங்கிப் போட்டாள். "சிரிடா செல்லம்" என்று கெஞ்சிக் கெஞ்சி எடுத்தாள். இரண்டு வருடங்களுக்கு முன் படகில் தனியாக வந்து சேர்ந்த ரோஹிங்யா அகதிப் பிள்ளை அது. தாய் வங்காளதேச முகாம் ஒன்றில் இருக்கலாம் என்று தெரிந்ததும், படம் அங்கே போனது.

இன்று இல்லத்துப் பொறுப்பாளர் ஜெஃப்ரி ஐரீனை வாசலிலேயே நிறுத்தினார்.

"அந்தம்மா படத்தப் பாத்தாங்களாம், ஐரீன். என் மகளுக்கு இடுப்பு வரைக்கும் முடி, இது யாரோ பணக்கார வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிட்டாங்க."

"முடிய நாமதான் வெட்டினோம்னு சொல்ல வேண்டியதுதானே, அண்ணே! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"முகாம்ல உள்ளவங்க சொன்னாங்க லா. அந்தம்மா நம்பல. இதுக்கு முன்னால ரெண்டு பேரு வேற பிள்ளைங்க படத்தக் காட்டி ஏமாத்தியிருக்காங்க. இனிமே எந்தப் படமும் பாக்க மாட்டேன், போன்லயும் பேச மாட்டேன்னு எழுந்து போயிட்டாங்களாம்."

"பழைய படம் ஒண்ணுகூடவா இல்ல?"

"படகுல வந்த பிள்ளைகிட்ட ஏது படம்?"

ஐரீன் கைப்பையைத் தரையில் வீசினாள். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

கதவுக்குப் பின்னால் சொமீரா நின்றிருந்தாள். இல்லத்தில் பழகிய தமிழில் அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. மெல்ல வந்து ஐரீனின் கையைப் பிடித்தாள்.

"ஆன்ட்டி, இன்னொரு படம் எடுங்க. இந்தத் தடவ இன்னும் நல்லா சிரிக்கிறேன்."