வீமனுக்குக் குரைக்கத் தெரியாது

அக்னஸ் டீச்சருக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த அகப்பையைச் சுவரில் வீசியிருப்பாள். வாடகை வீட்டுச் சுவர் என்பதால் வீசவில்லை.

"இதென்னத்துக்கு? எனக்கு விளங்கச் சொல்லுங்கோ. இதென்னத்துக்கு?"

அவள் கணவர் மரியநாயகம் சட்டைக்குள்ளிருந்து ஒரு நாய்க்குட்டியை எடுத்துத் தரையில் விட்டார். விட்டதுதான் தாமதம், அது அடுப்படியில் மூத்திரம் பெய்தது. கோவிலுக்குப் பின்னால் சாக்கடையோரம் கிடந்ததாம். பாவமாய் இருந்ததாம். பேர்கூட வைத்தாகிவிட்டது, வீமன். உள்ளங்கையில் அடங்குகிற ஜந்துவுக்கு வீமன்!

மூன்று மாதம் என்று வந்தவர்கள். யாழ்ப்பாணத்துப் பாஷையூரை விட்டு, எண்பத்து நாலு தொடக்கத்தில், ஆளுக்கொரு சூட்கேசோடு திருச்சியில் வந்து இறங்கினார்கள். மொன்றியலில் இருக்கிற மகன் கூப்பிட்டுக்கொள்ளும்வரை இங்கே இருப்பது என்று ஏற்பாடு. ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. மகனிடமிருந்து கடிதம் வருகிறது, விசாதான் வந்தபாடில்லை.

இந்த வீடு கிடைத்த கதையைக் கேட்டால் கல்லும் அழும். ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமி, "நீங்க மாம்சம் சாப்பிடுவேளோ?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள். ஜங்ஷன் பக்கம் ஒருவர் சாவியைக் கையில் கொடுத்தவர், 'சிலோன்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும், தம்பி குடும்பம் வருவதாகச் சொல்லித் திருப்பி வாங்கிக்கொண்டார். அப்படி ஏழு வீடு. எட்டாவதாக எடமலைப்பட்டி புதூரில் ரயில்வே ஒர்க்‌ஷாப் சவரிராயன்தான், "நம்ம வேதக்காரங்கதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று பின்கட்டைத் திறந்துவிட்டார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, ஆள் சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. நாய் வளர்க்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. நாதியற்று வந்த இரண்டு கிழடுகள் நாய் வேறு வளர்க்கும் என்று யார்தான் நினைப்பார்கள்?

மகனுக்கு அனுப்பின பத்திரங்களில் இந்த விலாசம். போலீஸ் ஆபீஸ் பதிவில் இந்த விலாசம். விசாக் கடிதம் வந்தால் வருவதும் இதே விலாசத்துக்குத்தான். இந்த வீடு போனால் எல்லாம் போச்சு. அக்னஸுக்கு இருந்த ஒரே பயம் அதுதான், அது தெரிந்தும் இந்த மனுஷன் ஒரு நாய்க்குட்டியை வைத்து விளையாடுகிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் குட்டியை வெளியே தள்ள அவளுக்கு மனம் வரவில்லை. அதுதான் அவள் தலையெழுத்து. பகலெல்லாம் திட்டுவாள், பாலைப் பஞ்சில் நனைத்து ஊட்டுவதும் அவளே. குட்டியோ பாலைக் குடித்துவிட்டு அவள் சேலைத் தலைப்பைக் கடித்தது, பைபிளின் அட்டையைக் கடித்தது, மரியநாயகத்தின் ஒரே நல்ல செருப்பைக் கடித்தது. துடைத்துத் துடைத்து அவளுக்கு முதுகு விட்டுப்போயிற்று. கையில் காசில்லாத காலத்தில் பினாயில் வாங்கியே ஓய்ந்தாள்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்றை மட்டும் அவள் ஒழுங்காகச் செய்தாள். குட்டி வாயைத் திறந்து 'வவ்' என்று தொடங்கும்போதே அதன் மூஞ்சியைக் கையால் பொத்திவிடுவாள். "உஷ்! சத்தம் போடாதை!" முன்கட்டில் சவரிராயன் மனைவி ரோசம்மாளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று ஒரு காரணம். ஆனால் அந்தக் கை பாஷையூரில் பழகின கை. அங்கே தெருவில் ராணுவ ஜீப் வருகிற நாட்களில் வீட்டு நாயின் வாயைத் துணியால் கட்டி மடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தவள் அவள். யோசிக்காமலே கை போகும். ஆறே வாரத்தில் வீமன் கற்றுக்கொண்டது. பூனை வந்தாலும் வாலாட்டும், பேப்பர்காரன் வந்தாலும் வாலாட்டும். குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். இது குரைக்கவும் இல்லை, செருப்பைத் தவிர வேறெதையும் கடிக்கவும் இல்லை.

கடைசியில் ரோசம்மாளின் கோவில் செருப்பைக் கடித்துக் குதறி, தானே போய் மாட்டிக்கொண்டது. ரோசம்மாள் கிழிந்த செருப்பையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அட, நாயா வளக்குறீங்க? சொல்லவே இல்லையே டீச்சர்! நல்லதாப் போச்சு. இந்தப் பக்கம் திருட்டு ஜாஸ்தியா இருக்கு. இருக்கட்டும், வாசலுக்கு ஒரு நாய் வேண்டியதுதான்."

ஆறு வாரம் மூச்சை அடக்கிக்கொண்டு வாழ்ந்தது இதற்குத்தானா! அன்றைக்கு அக்னஸ் கணவனோடு பேசவே இல்லை.

செப்டம்பர் மாதம் இங்கே தங்குகிற விசாவை நீட்டிக்க இருவரும் போலீஸ் ஆபீசுக்குப் போனார்கள். அதே நாள் சவரிராயன் வீட்டார் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மத்தியானம் திரும்பி வந்தால், கொல்லையில் இருந்த வெந்நீர் போடும் செம்பு பாய்லரைக் காணோம். ரோசம்மாளின் தகப்பனார் சீராகக் கொடுத்தது, இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். வீமன் கயிற்றோடு நின்று வாலாட்டியது.

எதிர்வீட்டு சகாயம்மாள் சொன்னாள்: "ரெண்டு ஆளுங்க தள்ளுவண்டியோட வந்தாங்க. பாய்லரைப் பழுது பாக்கக் கொண்டுபோறாங்கன்னு நெனச்சேன். நாய் ஒரு சத்தம் போடலியே! பக்கத்துலயே நின்னு வேடிக்கை பாத்துச்சு."

"குரைக்காத நாயி எதுக்கு டீச்சர்?" என்றாள் ரோசம்மாள். அவள் கண்ணில் தண்ணீர். "தண்டச் சோறு."

அன்றிலிருந்து அக்னஸ் வீமனுக்குக் குரைக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள், கொல்லையில் முழங்காலிட்டு, "வவ்! வவ்! குரை மோனை, குரை!" என்றாள். கருவாட்டைக் காட்டிக் குரைத்தாள். தகரத்தைத் தட்டிக் குரைத்தாள். வீமன் தலையைச் சாய்த்துப் பார்த்தது, பிறகு அவள் கையை நக்கியது. எட்டாம் நாள் அவளுக்குத் தொண்டை கட்டிப்போனது. நாய்க்குத் தொண்டை இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது.

"விடு அக்னஸ்" என்றார் மரியநாயகம்.

"நீங்கள் பேசாதையுங்கோ. எல்லாம் உங்களாலை வந்தது."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சவரிராயன் பின்கட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். கத்துகிற ஆளென்றால் பதிலுக்குக் கத்தலாம்.

"நான் சந்தேகப்படலைங்க. ஊர்ல பேசிக்கிறாங்க. தெரிஞ்ச ஆளைப் பாத்தா நாய் குரைக்காதாம். உங்க ஊர்ப் பையன்க யாராச்சும் வந்து போறாங்களா?"

அக்னஸுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஊரை விட்டாச்சு, வீட்டை விட்டாச்சு, இப்போது கள்ளி என்ற பேரும் வேண்டுமா?

"இஞ்ச ஆரும் வாறேல்லை. இந்த நாய் ஆருக்கும் குரையாது. தெரிஞ்ச ஆளுக்கும் குரையாது, தெரியாத ஆளுக்கும் குரையாது! நம்பிக்கை இல்லையெண்டால் இது கண்டறியாத ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. குரைச்சால் நாங்கள் வீட்டை விடுறம்."

"அக்னஸ்!" என்றார் மரியநாயகம்.

"நீங்கள் சும்மா இருங்கோ. நான் நிரூபிச்சுக் காட்டுறன்."

கணக்கு டீச்சர் அல்லவா. நிரூபித்தே தீர வேண்டும்.

அன்று சாயங்காலமே சவரிராயன் தன்னோடு வேலை செய்யும் பிச்சைமுத்துவைக் கூட்டி வந்தார். வையம்பட்டிக்காரர், கொடுவாள் மீசை, ஆறடி உயரம். நாலு வீட்டு ஆட்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள். பிச்சைமுத்து கேட்டைத் திறந்து உள்ளே வந்தார். வீமன் அவர் காலை முகர்ந்து வாலாட்டியது.

"பாத்தியளோ?" என்றாள் அக்னஸ். ஒரு வாரமாக வராத சிரிப்பு அவள் முகத்தில் வந்தது.

மனிதர் அதோடு போயிருக்கலாம். தூறல் விழுகிறது என்று கையிலிருந்த குடையைப் படக்கென்று விரித்தார்.

வீமன் ஒரு எட்டுப் பின்னால் துள்ளியது. காதை விறைத்தது. "வவ்!"

பிறந்ததிலிருந்து முதல் முழுச் சத்தம். கணீரென்று இருந்தது.

"குரைச்சிட்டான்!" அக்னஸ் சின்னப் பிள்ளையாகக் கைதட்டினாள். "இஞ்சேருங்கோ, குரைச்சிட்டான்!"

வேலியோரம் ஒருவரும் சிரிக்கவில்லை. மரியநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தட்டின கை அப்படியே நின்றது.

"அப்ப அன்னிக்கு ஏன் டீச்சர் குரைக்கல?" ரோசம்மாள் மெதுவாகத்தான் கேட்டாள்.

ஒன்றரை வருஷமாக இந்தத் தெருவுக்குக் கேட்க அவள் பேசியதில்லை. கடையில்கூட, பேச்சை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று விரலால் காட்டித்தான் சாமான் வாங்குவாள். இப்போது கத்தினாள்.

"நான்தான் அதின்ரை வாயைப் பொத்தினனான்! ஒவ்வொரு நாளும் பொத்திப் பொத்திப் பழக்கினனான். எங்கடை ஊரிலை நாய் குரைச்சால் ஜீப் நிக்கும். ஜீப் நிண்டால் வீட்டுக்குள்ளை வருவாங்கள். பக்கத்து வீட்டிலை நாய் குரைச்சுத்தான் அந்த வீட்டுப் பெடியனைக் கொண்டு போனவங்கள். என்னட்டைக் கணக்குப் படிச்ச பெடியன். இண்டைக்கு வரைக்கும் வரேல்லை. போதுமோ? இன்னும் என்ன கேக்கப் போறியள்?"

பிச்சைமுத்து குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ரோசம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

"நீங்க சொல்றதை நான் நம்பறேங்க" என்றார் சவரிராயன். "ஆனா இத்தனை பேருக்கு முன்னால வாக்குக் குடுத்துட்டீங்க. நாளைக்கு இன்னொரு பொருள் போனா நான் என்ன பதில் சொல்றது? ஒண்ணாந்தேதி வரைக்கும் இருங்க. அதுக்குள்ள வேற எடம் பாத்துக்கங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகவே வீடு போயிற்று.

வீமனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? தனக்கும் ஒரு குரல் இருக்கிறது என்று கண்டுபிடித்த மிதப்பில் அது கேட்டைப் பார்த்துக் குரைத்தது, குடையைப் பார்த்துக் குரைத்தது, கலைந்து போகிற ஜனங்களைப் பார்த்துக் குரைத்தது. நிறுத்துகிற வழியாக இல்லை. சகாயம்மாள் திரும்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். மரியநாயகம் அவசரமாகக் குனிந்து அதன் வாயைப் பொத்தக் கையை நீட்டினார்.

அக்னஸ் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"விடுங்கோ. அது குரைக்கட்டும்."