அரை பிரெட்

மனிதர்கள் எதை, எவ்வளவு விலை கொடுத்து, ஏன் வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவனுடைய பிழைப்பு. உணவுப் பொருள் சந்தையை ஆராயும் ஒரு நிறுவனத்தில் பத்தொன்பது வருடமாக வேலை. அறைக் கதவில் ‘மூத்த ஆய்வாளர்’ என்று பலகை தொங்கும். அவனுடைய அக்கா வைத்த பெயர் சராசரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு ஆள் மாதத்துக்குச் சராசரியாக ஒன்றேகால் கிலோ வெங்காயம் தின்கிறான் என்று ஆரம்பித்தான். அந்தக் கால் கிலோவை யார் தட்டில் வைப்பது என்று அக்கா கேட்டாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். நாமும் அப்படியே கூப்பிடுவோம். அவன் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டான்.

இந்த வருடம் அவன் தலையில் விழுந்தது பிரெட். ஒரு பிரெட் கம்பெனி புது இயந்திரம் வாங்க யோசித்துக்கொண்டிருந்தது. சாதா பிரெட்டை இருநூறு கிராம் சின்ன பாக்கெட்டாகப் போடுகிற இயந்திரமா, விதை தூவிய உயர்ரக பிரெட்டை நல்ல விலைக்குப் போடுகிற இயந்திரமா என்பதுதான் கேள்வி. எதை மக்கள் வாங்குவார்கள் என்று நிறுவனம் சொல்ல வேண்டும். அறுநூற்று நாற்பது வீடுகளைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்து, இரண்டு வாரம் வாங்குகிற பிரெட்டையெல்லாம் அதில் எழுதச் சொன்னார்கள். எந்தக் கம்பெனி, எத்தனை கிராம், என்ன விலை. ஒவ்வொரு தடவை வாங்கியதற்கும் கடைசியில் ஒரு கேள்வி: இதை ஏன் வாங்கினீர்கள்? விலை, ருசி, தரம், விளம்பரம், பழக்கம் என்று ஐந்து கட்டங்கள். ஒன்றில் டிக் போட வேண்டும். கேள்வியும் கட்டங்களும் சராசரி உட்கார்ந்து யோசித்து எழுதியவை. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தாள்கள் திரும்பி வந்தன. ஊர் முழுக்க நூறு கிராம் பிரெட்டுக்குப் பத்து ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஏழாம் பகுதியில் முப்பத்தெட்டு வீடுகள் மட்டும் பன்னிரண்டு கொடுத்திருந்தன. பெரிய கடை பக்கத்திலேயே இருந்தும் கொடுத்திருந்தன. வாங்கியது எல்லாமே இருநூறு கிராம். கம்பெனியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மற்றவை’. ஏன் வாங்கினீர்கள் என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் தரம் என்று டிக் போட்டிருந்தார்கள்.

விதை தூவிய உயர்ரக பிரெட் இருநூறு கிராமில்தான் வரும் என்பது சராசரிக்குத் தெரியும். அப்புறம் என்ன? ஏழாம் பகுதி ஒன்றும் பணக்காரர்கள் இருக்கிற இடமில்லை. அங்கேயே தரத்துக்காக ஐந்தில் ஒரு பங்கு கூடக் கொடுக்கிறார்கள் என்றால் மற்ற இடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்படித்தான் அறிக்கை எழுதினான். ஒரு பிரெட் பாக்கெட்டைக்கூடக் கையில் எடுத்துப் பார்க்காமல் பிரெட்டைப் பற்றி எண்பது பக்கம் எழுத அவனைப் போன்றவர்களால்தான் முடியும்.

இயக்குநர் அம்மாவுக்கு அறிக்கை மிகவும் பிடித்துப்போனது. வருகிற புதன்கிழமை கம்பெனிக்காரர்கள் முன்னால் அவனே படித்துக் காட்டட்டும் என்றார். நல்லபடியாக முடிந்தால் துணை இயக்குநர் நாற்காலி அவனுக்குத்தான் என்றும் சொன்னார். சராசரி ஆறு வருடமாக அந்த நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவன். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் மனைவி, பெரியவளைத் தூரத்துக் கல்லூரியில் சேர்க்கலாம் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை அக்காவிடமிருந்து போன் வந்தது. பிரசவ வார்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மூன்றாவது மாடியில் ஒற்றை அறை வீடு. படியில் கால் பிசகி வீங்கியிருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை, முடிந்தால் ஒரு நடை வந்து போ என்றாள். பஸ்ஸில் நாற்பது நிமிடம்தான். சராசரி அங்கே போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பத்து நிமிடம் பேசுவான். அதுவே கடமை முடிந்தது மாதிரி இருக்கும்.

அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு அடுப்பு, ஒரு நாற்காலி, ஜன்னலோரம் இரண்டு தட்டு வைக்க இடமுள்ள மேசை. கணுக்காலைப் பார்த்துவிட்டு அவன் ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்ததும் அவள் சிரித்தாள். ஆயிரம் பிள்ளையை வெளியே எடுத்தவளுக்குச் சுளுக்கைப் பற்றிப் பாடம் எடுக்காதே, முதலில் கீழே போய் பிரெட் வாங்கி வா என்றாள். முனைக் கடையில் மூன்றாவது மாடி நர்ஸம்மாவுக்கு என்று சொன்னால் போதுமாம்.

முனைக் கடைக்காரர் சொன்னதுமே சரியாகப் புரிந்துகொண்டார். ஒரு சாதா பிரெட்டை எடுத்து உறையைப் பிரித்தார். நீளமான கத்தியால் நடுவில் வெட்டினார். ஒரு பாதியை வெள்ளைத் தாளில் சுற்றித் தராசில் வைத்தார். இருநூறு கிராம். இருபத்து நான்கு ரூபாய் என்றார்.

நூறு கிராமுக்குப் பன்னிரண்டு என்று சராசரி கணக்குப் போட்டான். தராசையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தான். தாளில் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. அக்காவின் தெரு ஏழாம் பகுதியில்தான் வருகிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“முழு பிரெட் நாற்பதுன்னா பாதி இருபதுதானே?” என்று கேட்டான்.

“மிச்சப் பாதியும் வித்தாத்தான் சார் இருபது. ஜோடி சேரலைன்னா அது காய்ஞ்சு போயிடும். அந்த நாலு ரூபாய் அதுக்குத்தான்.”

பத்தொன்பது வருட அனுபவத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் அவனுக்கு விலையை விளக்கியதில்லை. எத்தனை பேர் இப்படி வாங்குகிறார்கள் என்று கேட்டான். கடைக்காரர் தெருவில் இருந்த கட்டடங்களைக் கையால் காட்டினார். எல்லாம் ஒற்றை அறை வீடுகள். ஒண்டிக்கட்டைகள்தான் முக்கால்வாசி, நாற்பது பேர் இருப்பார்கள், யார் பாதிக்கு யார் பங்காளி என்று தனக்கு மனப்பாடம் என்றார். நர்ஸம்மாவின் பங்காளி எதிர்வீட்டுத் தையல்காரர். போன மாதம் அவர் மகன் வீட்டோடு போய்விட்டார். இப்போது மிச்சப் பாதிக்குக் கடைக்காரர் ஆள் தேடிக்கொண்டிருக்கிறாராம்.

மேலே வந்தபோது அக்கா தேநீர் போட்டு வைத்திருந்தாள். நொண்டிக்கொண்டே போட்டிருக்கிறாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, உன் வீட்டுக்கு பிரெட் கணக்கெடுக்க யாராவது வந்தார்களா என்று மெதுவாகக் கேட்டான்.

வந்தார்களே என்றாள். சின்னப் பெண், நல்ல வெயில், மூன்று மாடி ஏறி வந்திருந்தாள். தாளைப் பார்த்ததுமே தம்பி வேலை என்று தெரிந்துவிட்டதாம். சொல்லலாம் என்று நினைத்தாளாம். அப்புறம், அவனுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று விட்டுவிட்டாளாம்.

“ஏன் வாங்கினீங்கன்னு கேட்டதுக்கு என்ன போட்ட?”

“தரம்னு போட்டேன்.”

“தரத்துக்காகவா வாங்குற?”

“இல்லடா. முழுசு வாங்கினா மூணாம் நாள் பூசணம் பூத்துடுது. அதுக்காக அரை வாங்குறேன். நீ அஞ்சு பதில் குடுத்திருந்த, என் பதில் அதுல இல்ல. அந்தப் பொண்ணு பாவம், வேர்த்து விறுவிறுத்து நிக்குது. கெட்ட வார்த்தையா இல்லாம இருந்தது தரம்தான், அதுல டிக் போட்டேன்.” பிறகு யோசித்துவிட்டு, “ஆறாவதா சும்மா ஒரு கோடு விட்டிருக்கலாம்ல?” என்றாள்.

சராசரி தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். அக்கா தட்டில் வைத்த பிரெட்டை ஜாம் தடவித் தின்றுகொண்டே இருந்தான். நான்கு துண்டு தின்ற பிறகுதான் தாளில் மூன்று துண்டு மட்டும் இருப்பதைப் பார்த்தான். அவளுடைய நாளைய காலையையும் சேர்த்துத் தின்றிருக்கிறான்.  முழு பிரெட் வாங்கி வருகிறேன் என்று எழுந்தவனை, வாங்கி யாருக்குப் போடுவது, உட்காருடா என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணினியில் தாள்களின் விவரத்தைத் திறந்தான். வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு பத்தி இருந்தது. அதுவும் அவன் போட்டதுதான். முப்பத்தெட்டில் முப்பத்தேழு வீடுகளில் ஒன்று என்று இருந்தது. மிச்சமிருந்த ஒரு வீட்டில் இரண்டு பேர். அதில் ஒன்று பல் முளைக்காத குழந்தை. இன்னொன்றையும் பார்த்தான். மற்ற பகுதிகளில் ஒற்றை ஆள் வீடுகள் ஐம்பத்து நான்கு. அவற்றில் ஐம்பது வீடுகள் இரண்டு வாரத்தில் ஒரு பிரெட்கூட வாங்கவில்லை. பிரெட் பிடிக்காதவர்கள் என்று அவர்களை அவனே கணக்கிலிருந்து எடுத்துப்போட்டிருந்தான். அந்தப் பகுதிகளில் கத்தி வைத்திருக்கும் கடைக்காரர் இல்லை, அவ்வளவுதான்.

திங்கள்கிழமை இயக்குநர் அம்மாவிடம் சொன்னான். அவர் கோபப்படவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கம்பெனிக்காரர்களுக்கு உயர்ரக பிரெட்தான் மனதில் இருக்கிறது, அதைத்தான் கேட்க வருகிறார்கள் என்றார். முப்பத்தெட்டு வீடுகள் என்ன பெரிய எண்ணிக்கை, அடிக்குறிப்பாகப் போட்டால் பொய் சொன்னதாகவும் ஆகாது, புதன்கிழமைக் கூட்டமும் கெடாது என்றார். அந்த வழி சராசரிக்கும் பிடித்திருந்தது. இரண்டு நாள் அந்த அடிக்குறிப்பை எழுதி எழுதிப் பார்த்தான். நன்றாகவே எழுதினான். எத்தனை நன்றாக எழுதினாலும் எண்பதாம் பக்கத்தில் பொடி எழுத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை எழுந்து நின்று, இந்த அறிக்கையின் முக்கிய முடிவு தவறு, தவறு என்னுடையது என்று ஆரம்பித்தான். வெட்டிய பிரெட்டைப் பற்றியும், ஜோடி சேர்ப்பதைப் பற்றியும், வாங்காத ஐம்பது வீடுகளைப் பற்றியும் சொன்னான்.  கம்பெனியின் விற்பனை மேலாளர் பேனாவை மூடி வைத்தார்.

“அப்போ அவங்க அதிக விலை கொடுத்தது எதுக்குத்தான்?”

“தனியா இருக்காங்க. அதுக்குத்தான் சார் கொடுக்கிறாங்க,” என்றான் சராசரி.

கம்பெனி நான்கு மாதம் பரீட்சித்துப் பார்க்கலாம் என்று சின்ன பாக்கெட்டை வெளியே விட்டது, வாடகை இயந்திரம்தான். துணை இயக்குநர் நாற்காலி கணக்குப் பிரிவுக்காரருக்குப் போனது. மனைவி இரண்டு நாள் அவனைச் சராசரி என்றே கூப்பிட்டாள். மூன்றாம் நாள் பெரியவளுக்கு உள்ளூர்க் கல்லூரியின் விண்ணப்பத்தை எடுத்து வந்தாள். அவனுக்கு வருத்தம் இல்லாமலில்லை. அந்த நாற்காலியைக் கடக்கும்போதெல்லாம் கண் இப்போதும் அந்தப் பக்கம் போகும்.

ஆனால் சனிக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தான். ஜன்னலோர மேசையில் இருவருமாக பிரெட்டும் முட்டையும் சாப்பிடுவார்கள். அவன் உலகச் செய்தி சொல்வான். அவள் கட்டடத்துச் செய்தி சொல்வாள். சின்ன பாக்கெட் வந்ததும் முனைக் கடைக்காரர் கத்தியைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டார். ஜோடி சேர்க்கிற தலைவலி விட்டது என்று சொன்னாலும், அவருக்கு அதில் கொஞ்சம் பொழுது போயிருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

நான்கு மாதம் கழித்து அதே வீடுகளுக்கு மறுபடியும் தாள் போனது. இந்தத் தடவை ஐந்து கட்டங்களுக்குக் கீழே ஒரு வெறும் கோடு இருந்தது. தாள்கள் வந்தபின், கணினியில் விவரம் ஏற்றும் பெண் சந்தேகமானவற்றைச் சிவப்பில் வட்டமிட்டு அவன் மேசையில் அடுக்கினாள். அதில் ஒன்றில், ‘ஒருவர் மட்டும் உள்ள வீடு. வாரம் முழுக்க சின்ன பாக்கெட். சனிக்கிழமைகளில் மட்டும் நானூறு கிராம். பிழையா?’ என்று கேட்டிருந்தாள்.

விதிப்படி தாளில் வீட்டுக்காரர் பெயர் இருக்காது. கையெழுத்தை மறைக்கத்தான் விதி கிடையாது. பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட்டு அவன் பெயரை எழுதிக் கொடுத்த அதே உருண்டை எழுத்து. ஐந்து கட்டங்களிலும் டிக் இல்லை. இரண்டு சனிக்கிழமைகளுக்கும் எதிரே, ஆறாவது கோட்டில், ‘தம்பி வருவான்’ என்று எழுதியிருந்தது.

சராசரி சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில் ‘பிழை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். தேதியை இன்னொரு முறை பார்த்தான். இரண்டாவது சனிக்கிழமை அலுவலக வேலை இருக்கிறது என்று கடைசி நேரத்தில் சொல்லி அவன் போகவில்லை.