வெள்ளிக்கிழமை ஏழரைக்கு விளக்கணைப்பு

பூமியின் சூட்டைக் குறைக்கும் பொறுப்பைக் கமலாசனி தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்ட வருஷம், நாட்டின் சூடு உச்சத்தில் இருந்தது. கொழும்பில் இரவு வடக்கிலிருந்து போராளிகளின் விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போயிருந்தது. அவள் கவலையோ வேறு. எண்ணெயை எரித்து, வானமெல்லாம் புகையாக்கி எடுக்கும் மின்சாரத்தைக் கல்லூரி வீணாக்குகிறதே!

'வெள்ளிக்கிழமை இரவு ஏழரை முதல் எட்டரை வரை விளக்கணைப்போம், புகையைக் குறைப்போம்' என்று மூன்று மொழியிலும் எழுதி, பேராதனைச் சந்தி வரைக்கும் ஒட்டினாள்.

"ஒன் பேச்சக் கேட்டு எவடி லைட்ட ஓஃப் பண்ணுவா? வெள்ளிக்கிழம டீவில நாடகம் இருக்கு," என்றாள் அறைத்தோழி ரபீகா. கண்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

"பண்ணுவினம். இருந்து பாரன்."

வெள்ளி ஏழரைக்குத் தங்கள் அறை விளக்கை அணைத்துவிட்டு, விடுதி மொட்டைமாடியில் போய் நின்றாள். எதிரே கல்லூரி கலியாண வீடு மாதிரி ஜொலித்தது. அழுகை வந்தது. கீழே இறங்கத் திரும்பியவளின் கண்முன்னே நூலகம் அணைந்தது. பிறகு ஆண்கள் விடுதி. பிறகு ஆற்றுக்கு அப்பால் கடைத்தெரு, கண்டிப் பக்கத்து மலைகள். ஊரே திருந்திவிட்டதென்று அவளுக்கு மெய்சிலிர்த்தது.

ரபீகா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "கீழ எறங்குடி! பிளேன் வருதாம்!"

பிளேன் வரவில்லை. காலையில் பொலிஸ் ஜீப் வந்து கமலாசனியை ஏற்றியது. ரபீகாவும் வலிய ஏறிக்கொண்டாள்.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி சுவரொட்டியை மேசையில் விரித்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். "பிளேன் கதை எங்களுக்கே நேத்து ராத்திரிதான் தெரியும். நீங்க முந்தியே நேரம் போட்டு ஒட்டினது. எப்படி?"

"பூமி சூடாகுது சேர்..."

"பூமி?" அவர் அவளுடைய அடையாள அட்டையைப் புரட்டினார். யாழ்ப்பாணத்து விலாசம். மேலிடத்துக்கு அனுப்பினால் எப்போது திரும்புவாளென்று ஒருவருக்கும் தெரியாது.

ரபீகா கதிரையை விட்டு எழுந்து சிங்களத்தில் பொரிந்தாள். "சேர், இவ ஒரு மாசமா கெஞ்சினா. எங்க ரூமத் தவிர ஒரு பல்பு அணையல்ல. மத்தவங்க அணைச்சது பயத்துல. இவ சொன்னா நாய்கூட வால ஆட்டாது!"

அதிகாரி கமலாசனியைப் பார்த்தார். "உண்மையா? உங்க பேச்சு ஒரு ஆளும் கேக்கலயா?"

அவளுக்குள் ஓர் ஆறு, நாலைந்து மலை, ஊர் முழுவதும் இன்னும் இருண்டு கிடந்தன.

"ஓம் சேர். ஒருத்தரும் கேக்கேல்லை."

சிரித்துவிட்டு, போகச் சொன்னார்.

அந்தக் கிழமையே பாதுகாப்புக்கென்று விடுதியைச் சுற்றிப் பெரிய விளக்குகள் நட்டார்கள். விடியும்வரை எரிய வேண்டுமென்று உத்தரவு. ஒன்றின் வெளிச்சம் நேராகக் கமலாசனியின் கட்டிலில் விழுந்தது.

"நல்லதாப் போச்சு," என்றாள் ரபீகா, எழுந்து சுவிட்சைத் தட்டியபடி. "இனி ரூம் லைட்ட அணைச்சிட்டே படிக்கலாம்."